வெங்கடேஸ்வரியின் கைராசி

“அப்பத்தா ஆட்டோவுல ஏறிட்டாகளா? நல்லாப் பாத்தியா?”

“ஏறிட்டாகம்மா. எனக்கு டாட்டாகூட காட்டுனாக” என்றாள் ஆறு வயதுக் கோதை.

அனுசியா வாசல் கதவைத் தாழிட்டாள். ஃப்ரீசரில் ஐஸ் தட்டுக்கு அடியில் செய்தித்தாள் சுற்றி ஒளித்து வைத்திருந்த பொட்டலத்தை எடுத்தாள்.

உள்ளே இருந்தது சிக்கன் சாசேஜ். அன்றோ புரட்டாசிச் சனிக்கிழமை.

மற்ற மாதங்களில் கறி எடுக்கிற வீடுதான். புரட்டாசி பிறந்துவிட்டால் மாமியார் வெங்கடேஸ்வரி வைத்ததுதான் சட்டம். “இந்த ஒரு மாசம் வீட்டுக்குள்ள கவிச்சி வாடை வந்துச்சு, நான் வத்திராயிருப்புக்கு மக வீட்டுக்குப் போயிருவேன்” என்று முதல் நாளே சொல்லிவிட்டாள். சொன்னால் செய்கிறவள்.

அவள் போய்விட்டால் கோதையைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை. புருஷன் சிவபாண்டி லாரியோடு எந்நேரமும் வடக்கே கிடப்பவன். அனுசியா பேண்டேஜ் கம்பெனி வேலையை விட்டுவிட்டு வீட்டில் உட்கார வேண்டியதுதான்.

இவ்வளவும் தெரிந்துதான் துணிந்தாள். காய்ச்சலில் விழுந்து எழுந்த நாளிலிருந்து கோதை அம்மா கையால் ஒரு வாய் வாங்குவதில்லை. நிலாவைக் காட்டினாலும் மூடிய வாய் திறக்காது. அதே பிள்ளை பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அப்பத்தா ஊட்டினால் தட்டு காலி.

“வெறும் ரசஞ்சோறுதான் ஊட்டுனேன். வழிச்சு வழிச்சுத் தின்னா. எல்லாம் பெருமாள் குடுத்த கைராசி” என்பாள் வெங்கடேஸ்வரி. தெருவே அந்தக் கைராசியைப் பற்றிப் பேசியது. பெற்றவளுக்குத்தான் நெஞ்சுக்குள் ஒரு முள்.

கம்பெனியில் கூட வேலை பார்க்கும் ஹாஜரா இந்தக் கவலையைக் கேட்டுவிட்டு, மறுநாளே பொட்டலத்தைக் கொண்டுவந்து கையில் திணித்தாள். “எம் மகளும் இப்படித்தான் படுத்துனா. இத வதக்கிக் குடுத்துப் பாரு, தேடி வந்து திம்பா.”

அனுசியா சாசேஜை வட்டம் வட்டமாக நறுக்கினாள். நல்லெண்ணெயைக் காயவைத்து, சின்ன வெங்காயமும் கறிவேப்பிலையும் தாளித்தாள். பசித்த பிள்ளையின் வாய்க்குக் குறுக்கே பெருமாள் வந்து நிற்கமாட்டார் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாலும், பூஜை அலமாரிப் பக்கம் திரும்பிப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

அந்த அலமாரிக்குப் புதிதாக ஒரு பச்சைத் திரை. புரட்டாசி பிறந்த கையோடு வெங்கடேஸ்வரியே தன் பழைய சேலையைக் கிழித்துத் தைத்து மாட்டியது. “தெருத் தூசி அம்புட்டும் பெருமாள் முகத்துலதான் வந்து படியுது” என்றிருந்தாள்.

சாசேஜ் எண்ணெயில் விழுந்து ‘சுர்’ரென்றதும் கோதை எழுந்து ஓடினாள். யாரும் சொல்லாமலே அந்தத் திரையை இழுத்து மூடிவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

அனுசியாவுக்கு வெட்கமாகப் போய்விட்டது. இந்த வயதிலேயே எத்தனை பக்தி! எல்லாம் அத்தை வளர்ப்பு.

மிளகுத்தூள் தூவி, சோற்றோடு பிசைந்து ஒரு உருண்டை நீட்டினாள். கோதை வாயைத் திறந்தாள். மென்றாள். விழுங்கிவிட்டு, “இன்னும்” என்றாள். அனுசியாவுக்குக் கண் நிறைந்துவிட்டது.

படபடவென்று கதவு தட்டும் சத்தம்.

“ஏட்டி அனுசியா! மலைக் கோயில்ல விளக்குப் போட எடுத்து வச்ச நெய்க் குப்பிய மறந்துட்டுப் போயிட்டேன். கதவத் திற!”

அனுசியா தட்டை மேடைக்கு அடியில் தள்ளினாள். சட்டியின் மேல் காய்கறிக் கூடையைக் கவிழ்த்தாள். கைக்கு அகப்பட்ட சாம்பிராணியைக் கொளுத்தி வீடெல்லாம் புகையாக்கிவிட்டு, முந்தானையால் பிள்ளையின் வாயைத் துடைத்தபடியே போய்த் தாழை நீக்கினாள்.

வெங்கடேஸ்வரி உள்ளே வந்து மூக்கை உறிஞ்சினாள். “சாம்பிராணி எல்லாம் பலமா இருக்கு?”

“சனிக்கிழமைல்லா அத்தை…”

கூடையின் ஒவ்வொரு கண்ணிலிருந்தும் ஆவி கிளம்பிக்கொண்டிருந்தது. வெங்கடேஸ்வரி நேரே போய்க் கூடையைத் தூக்கினாள். சட்டியைப் பார்த்தாள். எண்ணெய் மினுங்கும் பேத்தியின் உதட்டைப் பார்த்தாள். பூஜை அலமாரியை நோக்கி நடந்தாள்.

பெருமாள் படத்தை எடுத்துக்கொண்டு இப்படியே வத்திராயிருப்புக்குப் பஸ் ஏறப்போகிறாள் என்று அனுசியா பின்னாலேயே ஓடினாள்.

“அத்தை, என்னைய மன்னிச்சிருங்க. ஒரு நாளாவது எங்கையால அவ வயிறாரச் சாப்பிட மாட்டாளான்னுதான்… உங்க கைராசி எனக்கு இல்லையே அத்தை. சாமி கண்ணுல படக்கூடாதுன்னு திரையக்கூட மூடிட்டுத்தான் அடுப்புல வச்சோம். எங்கள விட்டுட்டுப் போயிராதீக.”

வெங்கடேஸ்வரி அலமாரியைத் திறக்கவில்லை. திரையின் ஓரத்தில் விரலளவு தெரிந்த இடைவெளியை இழுத்து மூடினாள். மருமகளின் முகத்தைப் பார்க்க முடியாமல், திரையைப் பார்த்தபடியே மெதுவாகக் கேட்டாள்.

“ஏட்டி, இந்தத் திரைய நான் தூசிக்கா தச்சேன்?”