லேபிளில் சிரித்த பிள்ளை

கையில் ஃபைலும் மத்தாப்புப் பெட்டியுமாக ஒருவர் அச்சகத்துப் படியேறுவதைப் பார்த்ததும், வழக்குப் போட வந்தவர் என்றே அதன் முதலாளி சபரிநாதன் நினைத்தார். இன்டர்நெட்டில் திருடிய படத்தை லேபிளில் அச்சடித்ததற்காகப் போன வாரம்தான் பக்கத்து அச்சகத்து முதலாளியைப் போலீஸ் அள்ளிக்கொண்டு போயிருந்தது.

"ஏலே பாலகுரு, அந்த மத்தாப்பு லேபிள் பிள்ளை படத்தை அழிச்சுரு. எந்த சைட்ல எடுத்தோம்ங்கிற தடமே இருக்கக் கூடாது," என்று டிசைனரிடம் கிசுகிசுத்தார்.

வந்தவர் பெட்டியை நீட்டினார். "இந்தப் படத்தை எங்கன எடுத்தீக?"

"நாங்களே எடுத்ததுங்க. ஆமத்தூர்ப் பிள்ளை. போன மாசம்தான்..." சபரிநாதன் வாய்க்கு வந்ததைச் சொன்னார்.

"போன மாசமா?"

வந்தவர் ஃபைலைத் திறந்தார். உள்ளே பழைய போலீஸ் புகாரும் மூன்று வயதுக் குழந்தையின் போட்டோவும் இருந்தன. லேபிளில் சிரித்த எட்டு வயதுச் சிறுமிக்கும் காதோரம் அதே மச்சம்.

"எம் மக அண்ணாச்சி. திருவிழாக் கூட்டத்துல தொலைச்சு அஞ்சு வருசமாச்சு."

சபரிநாதன் திரும்பிப் பார்த்தார். கம்ப்யூட்டர் திரை காலியாக இருந்தது. பாலகுரு உதட்டைப் பிதுக்கினான்.

வந்தவர் அழுதுகொண்டே செருப்பை மாட்டினார்.

"ஆமத்தூர்ல எந்தத் தெரு, அண்ணாச்சி?"