வெள்ளை மூட்டை

"ஒரே ஒரு நாள் அந்த வெள்ளை மூட்டையை எனக்குக் கொடுங்கக்கா. இந்த நாத்தம் குடலைப் புரட்டுது."

ஐந்து மாத வயிற்றைத் தாங்கிக்கொண்டு கெஞ்சினாள் அவள். பழைய பிளாஸ்டிக்கைத் தரம் பிரிக்கும் அந்தக் கொட்டகையில் சேர்ந்து மூன்று வாரம்தான் ஆகிறது. எல்லோருக்கும் அவள் 'புதுசு'.

"இது என்னுது. கை வைக்காதே!" மூட்டையை இழுத்துக்கொண்டு போய்விட்டாள் முந்திரிக்கொட்டை.

அது மற்றப் பெண்கள் வைத்த பெயர். காலையில் வண்டி வந்து நின்றதும் முதல் ஆளாகப் பாய்ந்து, ஆஸ்பத்திரியிலிருந்து வரும் வெள்ளை மூட்டைகளை அள்ளிக்கொள்வாள். அதில் குளுக்கோஸ் பாட்டிலும் குழாயும்தான், நாற்றமே கிடையாது. மற்றவர்களுக்குத்தான் ஊசிப்போன சாப்பாடு ஒட்டிய கவரும், புழு நெளியும் பால் பாக்கெட்டும்.

"ஒரு வருஷமா இதே கதைதான். மூலையில தனியா உட்கார்ந்துப்பா. யாரையும் கிட்ட அண்ட விடமாட்டா. கல்நெஞ்சுக்காரி!" என்றாள் பக்கத்திலிருந்தவள்.

அன்று புதுசு இரண்டு முறை வாந்தி எடுத்தாள். வாயைத் துடைத்துக்கொண்டு நேரே சூப்பர்வைசரிடம் போய் நின்றாள்.

"வயித்துப் பிள்ளைக்காரி கேட்டும் அவங்க மனசு இரங்கலை, சார்."

"நாளையிலேருந்து வெள்ளை மூட்டை உனக்கு. நான் பார்த்துக்கறேன்."

மறுநாள் மூட்டையின் வாயை அவிழ்த்துக் கையை உள்ளே விடப் போனாள் புதுசு. எங்கிருந்தோ ஓடிவந்த முந்திரிக்கொட்டை, அவள் மணிக்கட்டைப் பிடித்து வெடுக்கென்று இழுத்தாள். புதுசு தடுமாறி விழப் பார்த்தாள்.

"பிள்ளைத்தாச்சி மேலயா கை வைக்கிறே? நீயெல்லாம் ஒரு பொம்பளையா?"

கொட்டகையே திட்டிக்கொண்டு திரண்டுவிட்டது. சூப்பர்வைசர் கத்தினார்.

"போதும்! இனிமே உனக்கு இங்க வேலை இல்லை. கிளம்பு."

முந்திரிக்கொட்டை மூட்டையைத் தலைகீழாகக் கவிழ்த்தாள். பாட்டில்கள் உருண்டோடின. குழாய்களுக்கு நடுவே ஏழெட்டு ஊசிகள். மூடியில்லாமல், முனையில் ரத்தக் கறையோடு.

திட்டியவர்கள் ஓரடி பின்வாங்கினார்கள். சூப்பர்வைசர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"எங்ககிட்ட சொல்லியிருக்கலாமேக்கா?" என்று கேட்டாள் புதுசு.

"முதலாளிகிட்டயே சொன்னேன். 'பயமா இருந்தா நீ வேலையை விட்டு நின்னுக்கோ, வேற ஒருத்தி பிரிக்கட்டும்'னாரு. சொன்னா மட்டும் மூட்டை வராம இருக்குமா? யாராவது ஒருத்தி கை விட்டுத்தானே ஆகணும்?"

"அதுக்கு நீங்க மட்டும் ஏன்க்கா..."

அவள் ஆணியில் மாட்டியிருந்த பையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டாள். புதுசின் காதருகே குனிந்தாள்.

"போன வருஷமே எனக்கு ஒண்ணு குத்திடுச்சும்மா. ரத்தத்துல நோய் வந்தாச்சு. அது என்னோட போகட்டும்னுதான்."