எழுதியவர் பெயர்

ஊர் வாயை நம்பி வரலாறு எழுதினால் உருப்படாது என்பது ஓய்வுபெற்ற ஆசிரியர் அருமைநாயகத்தின் கட்சி. ஊர் வரலாற்றுக்கு இணையதளம் தொடங்கியபோது, சான்று இல்லாமல் ஒரு வரி ஏறக்கூடாது, ஏறிய சான்றை யாரும் நீக்கக்கூடாது என்று பழைய மாணவர்களிடம் கறாராகச் சொல்லிவிட்டார். முதல் சான்றை அவர் மனைவி ஞானப்பூவே ஏற்றினாள். அவள் அப்பாவின் டிரங்குப் பெட்டியில் கிடந்த, நாற்பது வருடத்துக்கு முந்தைய மொட்டைக் கடிதம் அது. ‘மாப்பிள்ளைக்கு வலிப்பு உண்டு’ என்ற அந்த ஒரு வரியால்தான் அவளுக்கு நிச்சயமாகியிருந்த கல்யாணம் நின்றது, அருமைநாயகமும் மாப்பிள்ளையானார். ‘எழுதியவர்’ என்ற கட்டம் காலியாக இருந்தது. அவர் அவசரமாக ‘தெரியவில்லை’ என்று தட்டி முடிப்பதற்குள், அவருடைய கரும்பலகையைப் பார்த்தே எழுதப் பழகிய பதினேழு பேர் கீழே ஒரே வார்த்தையைப் போட்டிருந்தார்கள்: “சார்?”

மனைவி பக்கம் திரும்பினார். ஞானப்பூ நிதானமாகக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

“பெட்டியில இதே கையெழுத்துல இன்னும் மூணு கெடக்கு. ஒவ்வொரு மாப்பிள்ளைக்கும் ஒவ்வொரு சீக்கு. அதையும் ஏத்திரட்டுமா, சார்?”