நாலு மணி அக்கா

வாசல் கதவு திறந்து கிடந்ததால் தெருச் சத்தத்தில் போன் அடித்தது தாமதமாகத்தான் அவள் காதில் விழுந்தது. ஜன்னலோரம் கவிழ்த்து வைத்திருந்த காலி ஜாடிகளை ஒதுக்கி, அதைத் துழாவி எடுத்தாள். மணி நாலு. பேசுவது யார் என்று பார்க்காமலே தெரியும்.

“நாலு மணி அக்காவா? மூணு மணி தங்கச்சி பேசறேன். என் நேரம் முடிஞ்சுதுக்கா. இனி நீங்க பிடிச்சுக்குங்க.”

சபையின் சங்கிலி ஜெபம் அப்படி. யாருக்காவது உடம்புக்கு முடியவில்லை என்றால் பகல் முழுக்க வீட்டுக்கு ஒரு மணி நேரம் ஜெபிக்க வேண்டும். முடித்தவர் அடுத்தவருக்குப் போன் போட்டுச் சொல்ல வேண்டும். எந்த மணியோ அதுவே பெயர்.

இத்தனை வருஷம் பேசியும் மூணு மணி தங்கச்சி நெட்டையா குட்டையா என்று இவளுக்குத் தெரியாது. கோயிலில் பக்கத்து பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தாலும் இருக்கலாம். நம்பிக்கையும் அன்பும்தான் நம்மை ஒன்றாகக் கட்டியிருக்கிற சங்கிலி என்று போதகர் சொல்லாத ஞாயிறு கிடையாது.

“இன்னைக்கு யாருக்காகம்மா?”

“என்னக்கா, காலையில ஆராதனைக்கு வரலையா? அறிவிப்புல சொன்னாங்களே. பலிபீடத்துக்குப் பூ வைப்பாங்களே ஒரு அம்மா, அவங்களுக்குத்தான். ஆஸ்பத்திரியில கையை விரிச்சுட்டாங்களாம். வீட்டுக்கு அனுப்பி ரெண்டு வாரமாச்சாம். புருஷன் பிள்ளைனு யாரும் இல்லையாம், பாவம்.”

அக்கா கவிழ்ந்திருந்த ஜாடி ஒன்றை நிமிர்த்தி வைத்தாள். “அவங்க பேரு?” என்றாள்.

“சொன்னாங்கக்கா, மறந்துட்டேன். நமக்குத் தெரியாட்டி என்ன, கர்த்தருக்குத் தெரியுமே.”

“நீ போய்ப் பாத்தியா?”

“எங்கேக்கா! பிள்ளைங்களுக்குப் பரீட்சை, வேலை தலைக்கு மேல கிடக்கு. அதான் ஒரு மணி நேரம் அழுது அழுது ஜெபிச்சேனே. தொண்டையே கட்டிப் போச்சு.”

“வேற யாராவது போனாங்களா?”

“போயிருப்பாங்கக்கா. இவ்வளவு பெரிய சபை, ஒருத்தர் கூடவா போகாம இருப்பாங்க?”

போனை வைத்த பிறகும் அக்காவுக்கு மனசு ஆறவில்லை. அந்தப் பெண்ணின் குரல் நிஜமாகவே கம்மியிருந்தது. நிஜமாகவே அழுதவளை என்னவென்று திட்டுவது?

முழங்காலில் நிற்பதை அவள் விட்டு நாளாயிற்று. கட்டிலில் சாய்ந்தபடியே கண்ணை மூடிக்கொண்டாள்.

“ஆண்டவரே, அவளைக் குணமாக்கும்னு நான் கேக்கலை. யாராவது ஒருத்தரை அவ வீட்டுக்கு அனுப்பும். ஒரு வாய் வெந்நீர் வச்சுக் கொடுத்துட்டு, பக்கத்துல கொஞ்ச நேரம் உக்காந்துட்டுப் போகட்டும். அது போதும்.”

தனக்குக் கொடுத்த நேரம் முழுக்க அவள் வேறு எதுவும் கேட்கவில்லை. மற்றவர்கள் மாதிரி அவளுக்கு அழுகை வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது.

அடுத்தது அஞ்சு மணி ஐயா. சபைக் கமிட்டியில் பெரிய புள்ளி. ‘ஹலோ’ என்பதையே தீர்மானம் நிறைவேற்றுகிற தோரணையில்தான் சொல்வார்.

“ஐயா, என் நேரம் முடிஞ்சுது. உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்.”

“கேளுங்கம்மா.”

“உங்க நேரத்தையும் நானே ஜெபிச்சிடறேன். நீங்க ஒரு எட்டு அந்த அம்மா வீட்டுக்குப் போயிட்டு வந்துடுங்களேன். மணிக்கூண்டுக்குப் பின்னாடி இருக்கிற சந்துதான். உங்க தெருவுக்குக் கூப்பிடு தூரம்.”

“அது முறையில்லம்மா. ஆளாளுக்கு நேரத்தை மாத்திக்கிட்டா சங்கிலி என்னத்துக்கு ஆகும்?”

“சங்கிலி கிடக்கட்டுங்க. அங்க ஒரு உசிரு தனியாக் கிடக்குது.”

“தனியான்னு யார் சொன்னது? பெண்கள் ஐக்கியத்துல போயிருப்பாங்க. வாலிபர் சங்கத்துல போயிருப்பாங்க. யாரு போகலைன்னாலும் போதகர் போயிருப்பார்.”

“யாருமே போகலைங்க!”

அவள் போட்ட சத்தத்தில் அவளுக்கே மூச்சு வாங்கியது. ஐயாவுக்குச் சுருக்கென்றிருக்க வேண்டும். கமிட்டியில் யாரும் அவரிடம் குரலை உயர்த்திப் பேசியதில்லை.

“நேர்ல பாத்த மாதிரி பேசறீங்களே! ஊரையெல்லாம் அனுப்பறது இருக்கட்டும். இவ்வளவு அக்கறை இருக்கிறவங்க, நீங்க ஒரு நடை போய்ப் பாத்தீங்களா?”

அக்கா திறந்து கிடந்த வாசலைப் பார்த்தாள். வெயில் இறங்கிவிட்டிருந்தது.

“நான் எங்கேங்க போறது? பூ வைக்கிறவ நான்தான். கதவு திறந்துதான் கிடக்கு.”