பேச்சுத் துணை

“விமானத்துல ரெண்டு பேரை உட்கார வச்சது பேச்சுத் துணைக்கு இல்ல...”

பழைய பயிற்சியாளர் ஓய்வு பெற்ற அன்று மேடையில் சொன்னது. அதற்குப் பிறகும் ஏதோ சொன்னார். கேப்டனுக்கு அது ஞாபகமில்லை. முதல் பாதியே அவருக்குப் போதுமானதாக இருந்தது.

அதைத்தான் இப்போது தலைமை விமானியின் அறையில் சொல்லிக்கொண்டிருந்தார்.

“நீங்களும் அன்னிக்கு முன்வரிசையில இருந்தீங்க. பேச்சுத் துணைக்கு இல்லன்னார். அதனாலதான் நான் வாயைத் திறக்கறதில்ல. பக்கத்து சீட்டும் அப்படி இருக்கணும்னு எதிர்பார்க்கறேன். இந்தப் பொண்ணு பேசினதோட நிக்கல. என் கையையே தள்ளிவிட்டா.”

மேஜை ஓரத்தில் துணை விமானி தலைகுனிந்து நின்றாள். வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை.

கேப்டன் பேசாதவர் என்பது எல்லோருக்கும் தெரியும். எதைக் கேட்டாலும் ‘ம்’ ஒன்றுதான் பதில். முதுகுக்குப் பின்னால் அவருக்குப் பெயரே ‘ம் சார்’. “கல்யாணத்துக்கே ம்னுதான் சம்மதம் சொன்னார்” என்று அவர் மனைவி விருந்துகளில் சொல்லிச் சிரிப்பாள். கொஞ்ச நாளாக அவள் அதைச் சொல்லிச் சிரிப்பதில்லை.

“என்ன நடந்ததுன்னு நீங்களே சொல்லுங்க சார்,” என்றார் தலைமை விமானி. வயதில் இளையவர்.

“இறங்கிக்கிட்டிருக்கோம். ஒரே மேகம். ஓடுபாதை கண்ணுக்குத் தெரியல. ஓட்டறது நான். திடீர்னு என் கையைத் தள்ளிட்டு ‘கன்ட்ரோல் என்கிட்ட’ன்னு மேல ஏத்திட்டா. பின்னால அத்தனை ஜனங்க. மறுபடி சுத்திக்கிட்டு வந்து இறங்க வேண்டியதாச்சு.”

“ஏன்னு கேட்டீங்களா?”

“கேட்டேன். ‘கீழ போய்ப் பேசிக்கலாம் சார்’னா. கீழ வந்தா வாயில கொழுக்கட்டை. தப்பு பண்ணவ இவ. டூட்டியிலேருந்து எடுத்தது என் பேரை. எந்த ஊர் நியாயம் இது?”

தலைமை விமானி அவளைப் பார்த்தார். “நீ சொல்றியாம்மா?”

“நேத்தே உங்ககிட்ட சொல்லிட்டேன் சார். அவர் முன்னால வேண்டாம்.”

“முன்னால வராது, பின்னாலதான் வரும்,” என்று கேப்டன் சிரித்தார். “காக்பிட்ல பேசினது பதிவாகியிருக்கும்ல? போடுங்க.”

“டாக்டர் வரட்டும் சார். அவரையும் வச்சுக்கிட்டுக் கேட்கலாம்.”

“டாக்டர் எதுக்கு? இப்பவே போடுங்க.”

“வேண்டாம் சார், ப்ளீஸ்.” அவள் ஓர் அடி முன்னால் வந்தாள்.

“பயம். பார்த்தீங்களா? தப்பு யார் மேலயோ, அவங்க இனிமே அந்த சீட்டுல உட்காரக் கூடாது. எனக்கும் சேர்த்துத்தான் சொல்றேன். போடுங்க.”

தலைமை விமானி பொத்தானை அழுத்தினார்.

இரைச்சல். அதற்கு மேலே அவள் குரல்.

“சார், உயரம் ரொம்பக் குறையுது.”

“ம்.”

“சார், இவ்வளவு கீழ வரக் கூடாது. மேல ஏத்துங்க.”

“ம்.”

“கேட்டுக்குங்க,” என்றார் கேப்டன். “ரெண்டு தடவையும் பதில் சொல்லியிருக்கேன். பதில் வராட்டித்தானே கன்ட்ரோலை எடுக்கணும்?”

பதிவில் ஒரு கணம் வெறும் இரைச்சல். பிறகு மறுபடி அவள் குரல், மிக நிதானமாக.

“சார், நான் இங்கேயே இறங்கிக்கறேன்.”

“ம்.”

“கதவைத் திறந்துக்கிட்டு வீட்டுக்குப் போறேன். சரியா சார்?”

“ம்.”

தரை நெருங்குவதற்கான எச்சரிக்கை மணி அலறியது. “கன்ட்ரோல் என்கிட்ட!” இன்ஜின்களின் உறுமல். அதெல்லாம் அடங்கிய பிறகுதான் அவர் குரல் கேட்டது, எங்கிருந்தோ திரும்பி வந்தவர் போல. “ஏய்... என் கையை ஏன் தள்ளினே?”

தலைமை விமானி பதிவை நிறுத்தினார்.

கேப்டன் அந்தப் பொத்தானையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இவ இப்படிப் பேசினதே எனக்குத் தெரியாது.”

“தெரியாதுன்னு அவளுக்குத் தெரியும் சார். அதனாலதான் போட வேண்டாம்னா.”

“நான் தூங்கலயே.”

“இல்ல சார்.” அவள் முதல்முறையாக அவரை நிமிர்ந்து பார்த்தாள். “கண்ணு திறந்துதான் இருந்தது.”

போன வாரம் சிவப்பு விளக்கில் நிற்காமல் கார் போனபோது, பக்கத்தில் இருந்த மனைவி அலறியது அவருக்கு ஞாபகம் வந்தது. ‘ஓட்டறது நீயா நானா?’ என்று அவளை அதட்டியதும்.

கேப்டன் எழுந்தார். சட்டைப் பையிலிருந்து கார் சாவியை எடுத்துத் துணை விமானியின் கையில் வைத்தார். ஆஸ்பத்திரிக்கு அவளையே ஓட்டச் சொன்னார்.