சாக்கு நூல் கட்டிய கண்ணாடி

"இதுல கறுப்புக் கொட்டைய மட்டும் பொறுக்கி வைங்கக்கா, பாக்கலாம்" என்று தட்டை நீட்டினார் பிரபாகர்.

வீராயி தட்டைக் கிட்டே கொண்டுபோனாள். பிறகு கையை நீட்டித் தள்ளிப் பிடித்தாள். "ஒண்ணுந் தெரியலீங்க. எல்லாம் மசமசன்னு இருக்குது."

கரடியூர் பள்ளிக்கூட வராந்தாவில் ஏற்காடு சேவைச் சங்கத்தின் முகாம். ஊரார் கொடுத்த பழைய மூக்குக்கண்ணாடிகளைத் துடைத்து, பவர் அளந்து, தேவைப்பட்டவர்களுக்குப் பொருத்திக் கொடுத்தார்கள். எழுத்துப் படிக்காத எஸ்டேட் பெண்களுக்காக, மருந்துக்கடை வைத்திருக்கும் செயலாளர் பிரபாகர் கண்டுபிடித்த சோதனைதான் அந்தக் காப்பிக்கொட்டைத் தட்டு.

சசிகலா பெட்டியிலிருந்து கண்ணாடிகளை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். அவள் வந்தது அதற்கல்ல. கணவர் ஞானசுந்தரம் இறந்துபோய் எட்டு மாதம் ஆகிறது. போன வாரம் ஏதோ ஒரு துணிச்சலில் அவருடைய கண்ணாடியை மருந்துக்கடையில் வைத்திருந்த நன்கொடைப் பெட்டியில் போட்டுவிட்டாள். அன்று முதல் தூக்கமில்லை. கொடுத்ததைத் திருப்பிக் கேட்க வெட்கம். முகாமில் உதவுகிறேன் என்று வந்து, அதைத் தேடி எடுத்து, பெட்டியின் மூலையில் துணிக்கடியில் ஒதுக்கி வைத்திருந்தாள். முகாம் முடிந்ததும் கைப்பைக்குள் போட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

வீராயிக்கு நான்கு கண்ணாடிகள் மாற்றியாகிவிட்டது. எதுவும் சரிப்படவில்லை.

"அந்த மூலையில ஒண்ணு கெடக்குதுங்களே, செவப்பு நூலு கட்டுனது. அதப் போட்டுப் பாக்கட்டுங்களா?"

துணிக்கு வெளியே கண்ணாடியின் ஒரு கால் நீட்டிக்கொண்டிருந்தது. சசிகலா துணியை இழுத்து அதை மூடினாள்.

"அங்க இருக்கறது தெரியுது, கையில இருக்கறது தெரியலையாக்கும்" என்று பின்னால் நின்ற பாவாயி கேலி பேசினாள்.

"வெள்ளெழுத்துன்னா அப்படித்தானுங்க. எட்டத்துல ஈ பறந்தாலும் தெரியும்" என்றார் பிரபாகர்.

"அது ஒடஞ்சதுங்க" என்றாள் சசிகலா அவசரமாக. அடுத்த மாதம் புதிதாகவே ஒன்று வாங்கித் தருவதாகச் சொன்னாள்.

"எனக்கு ஒடஞ்சதே போதுங்க அம்மணி."

அதற்குள் பிரபாகர் அதை எடுத்து வீராயியின் மூக்கில் மாட்டிவிட்டார். காதுக்கு மேலே அந்தச் சிவப்பு நூல். பல வருடங்களுக்கு முன்பு ஒரு சாயங்காலம் கணவர் அந்த நூல் கட்டிய கண்ணாடியோடுதான் வீடு வந்தார். கீழே விழுந்துவிட்டது என்று மட்டும் சொன்னார். கடையில் கொடுத்து மாற்றலாம் என்று அவள் எத்தனையோ முறை சொல்லியும் கேட்கவில்லை. நூல் நன்றாகத்தானே பிடிக்கிறது என்பார்.

வீராயியின் விரல்கள் தட்டில் ஓடின. கறுத்த கொட்டைகள் ஒன்று விடாமல் ஓரத்துக்கு வந்தன.

"பளிச்சுன்னு தெரியுதுங்க" என்றாள். கண்ணில் நீர் கோத்திருந்தது.

சசிகலா பதிவேட்டைத் திறந்தாள். வீட்டு அலமாரியில் கிடந்தால் அது யாருக்கு எதைக் காட்டப்போகிறது? இந்தப் பெண்ணுக்காவது கொட்டை தெரியட்டும். அதில் வீராயியின் கைநாட்டை வாங்கிக்கொண்டாள்.

முகாம் முடிந்து பஸ்ஸுக்கு நடந்தாள். சில்வர் ஓக் மரத்தடியில் வீராயி உட்கார்ந்து, பாவாயியின் உள்ளங்கையில் ஏறியிருந்த முள்ளை ஊக்கு நுனியால் எடுத்துக்கொண்டிருந்தாள். மயிரிழை முள். ஒரே நெம்பலில் வந்துவிட்டது. கண்ணாடி அவள் முகத்தில் இல்லை. மடியில், ஒரு கைக்குட்டையில் சுற்றி வைத்திருந்தாள்.

சசிகலாவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "கண்ணு நல்லாத்தானே தெரியுது உங்களுக்கு? அப்புறம் எதுக்கு அத வாங்குனீங்க?"

வீராயி எழுந்து நின்றாள்.

"பொய்தானுங்க சொன்னேன், மன்னிச்சுக்கோங்க. பொட்டியில பாத்ததும் மனசு கேக்கல. இது எங்க எஸ்டேட்டுல கணக்கெழுதுன ரைட்டரய்யா கண்ணாடிங்க. எம் பையனப் பாம்பு கடிச்சப்ப, அய்யாதான் தூக்கிட்டு ஜீப்புக்கு ஓடுனாரு. அப்ப உழுந்து ஒடஞ்சுது. பையன் பொழச்சுக்குவான்னு தெரிஞ்சதும் அன்னிக்கே நாந்தான் சாக்கு நூல்ல கட்டிக் குடுத்தேன். கடைசியா மொகம் பாக்கக்கூட குடுத்து வெக்கலீங்க, ஆஸ்பத்திரியில இருந்தே மலைக்குக் கீழ அவங்க சொந்த ஊருக்குக் கொண்டுட்டுப் போயிட்டாங்க."

கைக்குட்டையைப் பிரித்து, கண்ணாடியை சசிகலாவிடம் நீட்டினாள்.

"நொம்ப நல்ல மனுசனுங்க. நீங்க அவரப் பாத்திருக்க மாட்டீங்க அம்மணி."