கூடையில் வந்த பாட்டில்

பாட்டிலின் கழுத்தைப் பிடித்து அப்படியே சிங்க்கில் கவிழ்த்தாள் அவள். குழாயையும் முழுசாகத் திறந்துவிட்டாள். கணவன் வருவதற்குள் ஒரு சொட்டு மிஞ்சக் கூடாது, அவ்வளவுதான்.

மூச்சை அடக்கிக்கொண்டு, முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு ஊற்றினால் என்ன ஆகும்? கால்வாசி அவள் சட்டைக் கையிலேயே தெறித்தது. சோப்புப் போட்டுத் தேய்த்துப் பார்த்தாள். வாசனை போவேனா என்றது.

கெட்ட நேரம் சொல்லிக்கொண்டா வரும் என்பார்கள். இந்த வீட்டுக்கு அது அழைப்பு மணியையே அடித்துவிட்டு வந்தது. கணவன் லிஃப்ட் மெக்கானிக். அவன் கம்பெனி விடுமுறைக்கு அனுப்பிய பரிசுக் கூடை. சுற்றிலும் பிஸ்கட், முந்திரி. நடுவில் மாப்பிள்ளை மாதிரி ஒரு வைன் பாட்டில்.

வர வேண்டிய நாளா இது! பாழாய்ப்போன குடியால்தான் மகள் இந்த வீட்டை விட்டுப் போய், நாத்தனார் வீட்டிலிருந்து பள்ளிக்கூடம் போகிறாள். "தம்பி, லீவுக்குக் கூட்டிட்டு வர்றேன். வீடு வீடா இருந்தா பாப்பா அங்கேயே இருக்கட்டும். இல்லைன்னா இனிமே அவளைக் கேக்காதே" என்று நாத்தனார் போனில் கறாராகச் சொல்லிவிட்டாள். இன்று மதியச் சாப்பாட்டுக்கு வருகிறார்கள்.

மகள் கேட்டது ஒன்றே ஒன்றுதான். கண்ணாடிக் கிண்ணத்தில் கேக், பழம், கஸ்டர்டு, க்ரீம் என்று அடுக்கடுக்காக டிரைஃபிள், ஸ்ட்ராபெர்ரி நிறையப் போட்டு. அடியில் வைக்கும் கேக்கைப் பலரும் வைனில் ஊறவைப்பார்கள். இவள் ஆரஞ்சுச் சாற்றில் ஊறவைத்திருந்தாள்.

விடிந்ததிலிருந்து தொட்டதெல்லாம் கோணல். அடித்த க்ரீம் அளவு தப்பி வெண்ணெயாகத் திரண்டது. "நீ கஸ்டர்டைப் பாரு, நான் போய் வேற வாங்கிட்டு வர்றேன்" என்று கணவன் கிளம்பினான். கடைக்குப் போகிற வேலையை இப்போதெல்லாம் அவன் யாருக்கும் விடுவதே இல்லை. அவன் போன கொஞ்ச நேரத்தில்தான் அந்தக் கூடை வந்தது.

அந்தக் கஸ்டர்டையும் ஆறுவதற்குள் அவசரப்பட்டு ஊற்றிவிட்டாள். பழச்சாறு சிவப்பாகக் கசிந்து மஞ்சள் அடுக்கில் ஏறியது. கண்ணாடிக் கிண்ணத்தில் எதை மறைக்க? அவளுக்கு அழுகை முட்டியது.

கணவன் வந்தான். அடுக்களை வாசலிலேயே நின்றுவிட்டான்.

"என்ன வாசனை இது?"

"எசன்ஸுங்க. கஸ்டர்டுல கொஞ்சம் கூடிடுச்சு."

அவன் கூடத்துக்குப் போய்க் கூடையைப் பார்த்தான். நடுவில் பள்ளமாக இருந்தது. திரும்பி வந்தபோது அவன் முகம் வெளுத்திருந்தது.

"இதுல ஒரு பாட்டில் இருந்திருக்கே, எங்க?"

"கொட்டிட்டேன்."

"முழுசுமா?"

"முழுசும்தான்."

அவன் நம்பவில்லை. குப்பைத்தொட்டியைக் கிளறிப் பாட்டிலை எடுத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான்.

"பொய் சொல்லாதே."

"பாப்பா மேல சத்தியமாங்க. சிங்க்லதான் கொட்டினேன்."

அவன் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தான். "நான் வர்ற வரைக்கும் அப்படியே வெச்சிருக்கக் கூடாதா?"

"வெச்சிருந்தா என்ன ஆகியிருக்கும்னு உங்களுக்குத் தெரியாதா?"

அவன் எழுந்து ஜன்னல்களை எல்லாம் திறந்துவிட்டான். அவள் புது க்ரீமை அடித்துக் கிண்ணத்தின் மேல் பரப்பினாள். பயத்தில் கரண்டி கண்ணாடியில் கிணுகிணுவென்று தட்டியது.

சட்டை மாற்றக்கூட நேரமில்லை. மணி அடித்தது.

நாத்தனார் செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றாள். பாப்பாவின் துணிப்பை இன்னும் அவள் தோளில்தான் இருந்தது. மகள் மட்டும் ஓடி வந்தாள்.

"ஐ! டிரைஃபிள்! நிஜமாவே பண்ணிட்டியா?"

பாய்ந்து வந்து அம்மாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். அவளுக்கு உயிரே திரும்பி வந்தது. மகளின் தலையை அப்படியே சேர்த்து அணைத்துக்கொண்டாள்.

கட்டியிருந்த சின்னக் கைகள் மெல்லத் தளர்ந்தன. மகள் தலையைத் தூக்கி அப்பாவைப் பார்த்தாள். அவன் கண்ணைத் தாழ்த்திக்கொண்டான். வாசலில் நின்ற அத்தையைப் பார்த்தாள்.

பிறகு நுனிக்காலில் எக்கி நின்று, முகத்தை அம்மாவின் முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுவந்தாள்.

"அம்மா, வாயை ஊது."